நாகர்கோவிலில் ஃபிளாட் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஃபிளாட் என்பது சமீப காலம் வரை சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட்டு வரும் சமாச்சாரம். இப்போது பார்வதிபுரம், வெட்டூர்ணிமடம், கோணம், ஆசாரிப்பள்ளம் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் பச்சை வலை போர்த்திய கட்டடம் ஒன்று கண்ணில் படுகிறது. நான் நாகர்கோவிலில் ஃபிளாட்டில் குடியிருப்பவன். குடியிருப்போர் சங்க வேலையும் பார்த்திருக்கிறேன். வாங்க நினைக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. சட்ட விவரங்கள் பொதுவானவைதான். உங்கள் பத்திரத்தை ஒரு வக்கீல் பார்த்தே ஆக வேண்டும்.

சொந்த மனையில் வீடு கட்டுவதுதானே நம் ஊர் வழக்கம்? ஃபிளாட் எதற்கு?

இடம் குறைவு என்பது முதல் காரணம். மலைக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். அதில் 2011 கணக்குப்படி 18.7 லட்சம் பேர். அந்தக் கணக்கெடுப்பிலேயே மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகள். ஒரு பேரூராட்சி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பலகையைப் பார்த்தால்தான் தெரியும். 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது. பார்வதிபுரத்தில் மேம்பாலம் வந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைக்கு வந்தே பாரத் ரயிலும் ஓடத் தொடங்கியது. இதெல்லாம் சேர்ந்தால் செண்டு விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. பிள்ளைகள் வளைகுடாவில், பெங்களூரில், கனடாவில். பெற்றவர்கள் பதினைந்து செண்டு தோப்புக்கு நடுவே பெரிய வீட்டில் இரண்டு பேராக. தேங்காய் வெட்ட ஆள் கிடைப்பதில்லை, விழும் மட்டையைப் பொறுக்க முடிவதில்லை, ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், லிஃப்ட் உள்ள ஃபிளாட் உண்மையிலேயே நல்லது.

ஆனால் முற்றமும் கிணறும் சக்கை (பலா) மரமும் இல்லாமல் பொழுது போகாதவர்கள் வாங்கிவிட்டு, வார இறுதியில் பழைய வீட்டுக்கே ஓடுவதையும் பார்க்கிறேன். அவர்களுக்கு என் யோசனை, முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பதுதான்.

நாகர்கோவிலில் எந்தப் பகுதி நல்லது?

ஏரியாப் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நாஞ்சில் நாடு குளமும் கால்வாயும் வயலுமாக இருந்த நாடு. மாவட்டத்தில் இன்றும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. ஊர் பெருகியது மேட்டில் மட்டும் இல்லை. பழையாற்றங்கரையில் ஒழுகினசேரி, சுசீந்திரம் பக்கமும், அனந்தனாறு போன்ற கால்வாய்களின் ஓரமும் நெல் விளைந்த இடங்களில் இன்று வீடுகள் நிற்கின்றன. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் தாழ்வான பகுதிகள் எப்படி மூழ்கின என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதனால் இடம் பார்க்கப் போவதை ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு வையுங்கள். பில்டர் ஆபீசுக்குப் போகும் முன் எதிரே உள்ள பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே, ‘மழைக்கு இங்கே தண்ணி எவ்வளவு நிக்கும்?’ என்று கேளுங்கள். முழங்கால் வரை என்று கடைக்காரர் கை வைத்துக் காட்டினால், கட்டடம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் உங்கள் வண்டி நிற்கப்போவது கீழ்த்தளத்தில்தான்.

வயலை நிரப்பிக் கட்டிய இடம் என்றால் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. நஞ்சையை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதி வாங்கியிருக்கிறார்களா, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, அடித்தளம் மண் பரிசோதனைப்படி போட்டதா என்று மூன்றையும் காகிதத்தில் பார்க்க வேண்டும். நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படத்தையும், அது என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கு அந்த சர்வே எண்ணை ஒட்டிப் போகிறதென்றால் அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ‘அதெல்லாம் அந்தக் காலத்துல’ என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடலாம்.

தாய்ப்பத்திரம் மலையாளத்தில் இருக்கிறதே, என்ன செய்வது?

மதுரைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் இல்லாத சிக்கல் இது. 1949 வரை நாம் திருவிதாங்கூர், அதன்பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும். கொல்லம் 1110 என்றால் ஆங்கில ஆண்டு 1934-35. 825 கூட்டினால் ஏறக்குறைய சரியாக வரும். எழுத்தும் பழைய லிபி. இப்போது கேரளத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கே அது தடுமாறும். பத்திர எழுத்தர்களில் வயதானவர்கள் சிலர் படித்துச் சொல்வார்கள். ஆனால் வாய்வழியாகக் கேட்டுக்கொண்டு போகாமல் முழுதாகத் தமிழாக்கம் செய்து எழுதி வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். வங்கியும் கடன் கொடுக்கும்போது அதைக் கேட்கும்.

எதைத் தேடிப் பார்க்க வேண்டும்? ஒற்றி எழுதிய சொத்தென்றால் அது மீட்கப்பட்டதா என்று பாருங்கள். கூட்டுக் குடும்பச் சொத்தென்றால் பாகம் பிரித்த பத்திரம் உண்டா என்று பாருங்கள். நாஞ்சில் நாட்டில் மருமக்கத்தாய முறை (சொத்து பெண்வழியில் மருமக்களுக்குப் போகும் முறை) நிலவிய குடும்பங்களின் சொத்து, 1926-இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்துக்குப் பிறகுதான் பாகம் பிரியத் தொடங்கியது. அப்படி வந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பட்டியல் நீளமாக இருக்கும். ஒருவர் விடுபட்டாலும் வம்பு. கோயில் நிலமா என்பதையும் பார்த்துவிடுங்கள். இங்கே ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் என்று ஒரு வகையே இருந்து, 1964-இல் தனிச் சட்டம் போட்டு ரயத்துவாரியாக, அதாவது அரசுக்கு நேரடியாக வரி கட்டும் பட்டா நிலமாக மாற்றினார்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். மிகப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேட வேண்டியிருக்கும். சோம்பல் படாதீர்கள். பல வீடுகள் சேர்ந்த கட்டடத்தில் மூலப் பத்திரத்தில் கோளாறு வந்தால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் வரும்.

யூ.டி.எஸ். என்கிறார்களே, அது எவ்வளவு இருக்க வேண்டும்?

பிரிபடாத பாகம். கட்டடம் நிற்கும் மண்ணில் உங்கள் பங்கு. முப்பது செண்டில் ஒரே அளவுள்ள நாற்பது வீடு என்றால் தலைக்கு முக்கால் செண்டு, அதாவது சுமார் 327 சதுர அடி. இந்த எண் பத்திரத்தில் தெளிவாக வர வேண்டும். எல்லா வீட்டுப் பங்குகளையும் கூட்டினால் மொத்த நிலம் வருகிறதா என்றும் பாருங்கள். சில திட்டங்களில் பில்டர் ஒரு பகுதியைத் தன் பேரிலேயே வைத்துக்கொள்வதுண்டு. கட்டடத்துக்கு வயதாகி மதிப்பு இறங்கும், மண்ணுக்கு இறங்காது. ஆகவே சமையலறைக் கல் என்ன கம்பெனி என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

1,200 சதுர அடி என்றார்கள். உள்ளே போனால் சின்னதாக இருக்கிறதே?

படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றையும் பங்கிட்டுச் சேர்த்துச் சொல்லும் அளவு அது. உள்ளே புழங்கும் தரைப்பரப்பு 900 பக்கம் இருந்தாலே அதிர்ஷ்டம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி விற்க வேண்டியது கார்ப்பெட் ஏரியா கணக்கில்: உள் சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. விலையை அந்த அளவால் வகுத்துப் பார்த்துவிட்டு இரண்டு திட்டங்களை ஒப்பிடுங்கள். அப்புறம் எது மலிவு என்பது மாறிவிடும்.

ரெரா பதிவு எல்லாக் கட்டடத்துக்கும் உண்டா?

நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் அல்லது வீடுகள் எட்டைத் தாண்டினால் வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் பன்னிரண்டு செண்டுக்குக் கொஞ்சம் மேல். நம் ஊரில் பத்து செண்டில் எட்டு வீடு என்று நிறுத்திக்கொள்ளும் திட்டங்கள் ஏன் இருக்கின்றன என்று இப்போது புரியும். அது சட்டவிரோதம் இல்லை. ஆனால் ரெரா தரும் பாதுகாப்பு அங்கே கிடைக்காது என்று தெரிந்து வாங்குங்கள்.

பதிவு பெற்ற திட்டமென்றால் ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வசூலில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், நீங்கள் சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். கசிவைப் பற்றி வாட்ஸ்அப்பில் புலம்புவதோடு நிற்காமல் தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள்.

பத்திரப் பதிவுக்கு எவ்வளவு ஆகும்?

2023 டிசம்பர் முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனையில் நிலப் பங்கையும் கட்டடத்தையும் ஒரே மதிப்பாகச் சேர்த்துப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், கூடவே பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மறுவிற்பனை வீட்டுக்கு வழக்கமான 7-உம் 2-உம். கட்டி முடியாத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், குறைந்த விலை வீடு என்ற வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை.

விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் இன்னொரு விஷயம் உண்டு. உள்ளூர்க்காரரிடம் 50 லட்சத்துக்கோ அதற்கு மேலோ வாங்கும்போது 1 சதவீதம் வரி பிடிப்பது போல அவரிடம் பிடித்தால் போதாது. வெளிநாட்டுவாசிக்கான பிடித்தம் வேறு, அது அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை தேடி வருவது உங்களைத்தான். நம் மாவட்டத்தில் விற்பவர் பாதிப் பேர் துபாயிலோ தோஹாவிலோ இருப்பதால் இதை முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மகன் சவூதியில் இருக்கிறான். வராமலேயே அவன் பேரில் வாங்க முடியுமா?

முடியும், பவர் (அவன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்தால். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ‘இந்த ஒரு வீட்டை வாங்க மட்டும்’ என்று அதிகாரத்தைக் குறுக்கி எழுதுங்கள். விற்கவும் அடகு வைக்கவும் சேர்த்துப் பொதுப் பவர் கொடுப்பது அண்ணன் தம்பிக்குள்ளேயே கசப்பில் முடிந்திருக்கிறது.

தண்ணீர் எப்படி?

ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள். இங்கே வீட்டுக்கு ஒரு கிணறு இருந்தது, அதனால் தண்ணீரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஃபிளாட்டில் எண்ண வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்குப் பொதுவாக வைக்கும் கணக்கு. நாற்பது வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் தினமும் 21,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் ஏறக்குறைய இரண்டு லோடு, தினமும்!

நாகர்கோவிலுக்குக் குடிநீர் தருவது முக்கடல் அணை. சித்திரை, வைகாசியில் அணை இறங்கும்போது குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி நீளும். புத்தன் அணையிலிருந்து கொண்டுவரும் திட்டமும் இருக்கிறது. எப்படியானாலும் கட்டடத்துக்கு மாநகராட்சி இணைப்பு எத்தனை, தரையடித் தொட்டி எத்தனை நாள் தாங்கும், போர்வெல் எத்தனை அடி, கடைசிக் கோடையில் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு பில்டரிடம் பதில் இருக்காது. ஏற்கெனவே குடியிருப்பவரிடமோ வாச்மேனிடமோ கேளுங்கள்.

கடற்கரையை நெருங்க நெருங்க போர்வெல்லில் உப்பு ஏறும். மணக்குடி, கன்னியாகுமரி பக்கம் வாங்குகிறவர்கள் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. அங்கே உப்புக்காற்றில் இரும்புக் கம்பியும் ஏசி வெளிப்பெட்டியும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் கழிவுநீர். பாதாளச் சாக்கடை உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா, இல்லை செப்டிக் டேங்க்தானா? டேங்க் என்றால் அதன் கொள்ளளவு, லாரி உள்ளே வந்து உறிஞ்ச வழி இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். மாதிரி வீட்டின் திரைச்சீலையைப் பார்த்து மயங்கும் நேரத்தில் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுக்கலாம்.

கரண்ட் போனால்?

2017 நவம்பர் 30 ஒக்கி புயலை நினைத்துப் பாருங்கள். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கிணறுள்ள வீட்டுக்காரர் வாளியும் கயிறும் எடுத்தார். மூன்றாம் மாடிக்காரருக்கு மோட்டாரும் இல்லை, லிஃப்டும் இல்லை. ஜெனரேட்டர் இருக்கிறது என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது லிஃப்டையும் நீரேற்றும் மோட்டாரையும் சேர்த்து இழுக்குமா, டீசல் செலவு யார் தலையில் என்று கேளுங்கள்.

பொது விளக்கு, மோட்டார், லிஃப்டுக்கு 2022 முதல் மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு. வீட்டு இணைப்புக்கு உள்ள இலவச 100 யூனிட் இதற்குக் கிடையாது. பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் சிறு கட்டடங்களுக்கு 2023-இல் கட்டணத்தைக் குறைத்தார்கள்.

மேற்கு பார்த்த வீடு வேண்டாம் என்கிறார்களே?

வாஸ்துவுக்காகச் சொன்னால் எனக்குத் தெரியாது. மழைக்காகச் சொன்னால் அதில் அர்த்தம் உண்டு. நமக்கு இரண்டு பருவமழை. தென்மேற்குப் பருவத்தில் சாரல் சாய்வாக அடித்து ஜன்னல் விளிம்பு வழியாகச் சுவருக்குள் இறங்கும். ஆனி, ஆடிக் காற்றோ, ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலை சுற்ற வைக்கிற காற்று. சன்ஷேடு இல்லாத வழவழ முகப்பு சென்னை விளம்பரப் படத்தில் அழகாக இருக்கும். இங்கே இரண்டு வருடத்தில் பாசி பிடிக்கும். ஜன்னலுக்கு மேல் ஓர் அடி அகலத்துக்காவது சன்ஷேடு நீட்டிய கட்டடத்தைத் தேடுங்கள்.

மாதா மாதம் பராமரிப்புத் தொகை ஏன் கட்ட வேண்டும்? நாங்கள் அங்கே குடியிருக்கவே இல்லையே!

எந்தச் சங்கத்துக்கும் தலைவலி இதுதான். வாங்கிப் பூட்டிவிட்டு வெளிநாடு போகிறவர்கள் இங்கே அதிகம். ‘நான் ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கல, எதுக்குப் பைசா?’ என்பது அவர்கள் வாதம். ஆனால் வாச்மேன் சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், பொது விளக்கு, தொட்டி கழுவுவது, மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு எதுவும் உங்கள் வீடு பூட்டிக் கிடப்பதால் குறைவதில்லை. பூட்டிய வீட்டுக்குத்தான் காவலும் அதிகம் தேவை. நாற்பது வீட்டில் பன்னிரண்டு பேர் கட்டாவிட்டால் மீதி இருபத்தெட்டுப் பேர் தங்கள் பங்குக்கு மேல் நாற்பது சதவீதத்துக்கும் கூடுதலாகச் சுமக்க வேண்டும். அல்லது லிஃப்ட் நிற்கும்.

தண்ணீர் லாரிச் செலவை மட்டும் தனியாகப் பிரித்து, குடியிருக்கும் வீடுகளுக்கு மீட்டர் வைத்துப் போடலாம். அது நியாயம், சண்டையும் குறையும். பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் ஒரே தொகையா, சதுர அடிக் கணக்கா என்பதில் ஊர் ஊருக்கு அடிதடி. என் கட்சி, ஆள் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்றும், பெயின்ட் போன்ற கட்டடச் செலவைச் சதுர அடிக்கும் வைப்பது.

பழைய ஃபிளாட் வாங்குகிறீர்களா? விற்பவரிடம் சங்கத்தின் நிலுவையில்லாச் சான்று வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சங்கம் வைத்தே ஆக வேண்டுமா? நாங்கள் எட்டு வீடுதான், எல்லாரும் தெரிந்தவர்கள்.

தெரிந்தவர்கள் என்பதால்தான் சீக்கிரம் வைக்க வேண்டும். கணக்கு கேட்டால் ‘என்னை நம்பலையா?’ என்று வரும். பதிவான சங்கம், வங்கிக் கணக்கு, வருடம் ஒரு முறை கணக்குப் படிப்பது, இவை இருந்தால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. லிஃப்ட் இருந்தால் அதன் உரிமத்தைப் புதுப்பிப்பதும் சங்கத்தின் வேலை.

மீன்காரம்மாவை கேட்டுக்குள் விடமாட்டோம் என்கிறார்களே?

சிரிக்க வேண்டாம், பொதுக்குழுவில் ரெரா விதிகளை விட நீளமாக விவாதிக்கப்படும் விஷயம் இது. காலையில் சாளையும் நெத்தலியும் வாசலுக்கு வராத வாழ்க்கை நம் ஊர்க்காரர்களுக்கு வாழ்க்கையாகவே படாது. இன்னொரு பக்கம் லிஃப்டில் மீன் தண்ணீர் சொட்டுகிறது, செதில் கழுவிய குழாய் அடைக்கிறது என்பதும் பொய் இல்லை.

ஓடக்கூடிய வழி ஒன்று உண்டு. கேட்டுக்கு உள்ளே, வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் ஒரு குழாயும் சிமெண்டு மேடையும் தனி வடிகாலும் போட்டுக் கொடுங்கள். மீன்காரம்மா அங்கே உட்கார்ந்து வெட்டிக் கழுவிக் கொடுப்பார். அவருக்கு ஒரே இடத்தில் பத்து வீட்டு வியாபாரம், மாடிப்படி ஏற வேண்டாம். குடலையும் செதிலையும் அங்கேயே மூடிய வாளியில் போட்டால் அன்றைய மக்கும் குப்பையோடு போய்விடும். வாசனையே ஆகாது, சமைக்கவும் கூடாது என்று விதி போட முயல்கிறவர்கள் இருந்தால், வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது சங்கத்தின் வேலை கிடையாது.

வீட்டில் ஒரு மரணம் என்றால் ஃபிளாட்டில் எப்படி?

வயதானவர்களை மிகவும் உறுத்தும் கேள்வி இது, பலரும் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். பழைய வீட்டில் முற்றத்தில் பந்தல் போட்டு, ஊரே வந்து நிற்க இடமிருந்தது. இங்கே?

முதலில் லிஃப்டை அளந்து பாருங்கள். பல சிறு கட்டடங்களின் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்க வைத்துப் போகாது. படிக்கட்டுத் திருப்பத்திலும் திரும்பாது. சாவுக்கு மட்டும் இல்லை, ராத்திரியில் ஆம்புலன்சுக்குத் தூக்கிப் போவதற்கும் இதுதான் வழி. அடுத்து, கீழ்த்தளத்தில் குளிர்ப்பெட்டி வைக்கவும் நாற்காலி போடவும் ஒரு பகுதியைச் சங்க விதியிலேயே எழுதி வைத்துவிடுங்கள். துக்க நேரத்தில் போய் அனுமதி கேட்க வைப்பது கொடுமை. அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கோ சுடுகாட்டுக்கோ கபர்ஸ்தானுக்கோ கொண்டு போகட்டும். ஒரே கட்டடத்தில் மூன்று மதத்தவரும் இருப்பது இங்கே சாதாரணம். அந்த நாளில் கார்களை வெளியே நிறுத்திக்கொள்ளலாம் என்று எல்லாரும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் போதும். பதினாறாம் நாள் விசேஷம், ஜெபக்கூட்டம், கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்து எல்லாவற்றுக்கும் அதே இடம் உதவும்.

மொட்டை மாடி யாருக்கு?

எல்லாருக்கும். மேல் மாடிக்காரருக்குத் தனியாக விற்கிறேன் என்றால் நம்பாதீர்கள். வற்றல் காய வைக்கலாம். தேங்காய் உடைத்துக் கொப்பரை போட்டால் காக்கையும் எலியும் வரும், முறை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி மூடியைப் பூட்டி வையுங்கள்.

வாடகைக்கு விட்டால் ஆள் பார்த்துத்தான் விட வேண்டும் என்று சங்கம் சொல்கிறது.

எந்த ஆள்? வாடகையை ஒழுங்காகக் கட்டும் ஆளா என்று பார்ப்பது சரி. ஜாதி, மதம் கேட்பதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை. ‘நம்ம ஆட்கள் மட்டும்’ என்று ரகசியமாகச் சொல்லும் கட்டடத்தில் வீடு வாங்கவே வேண்டாம் என்பேன். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும்.

நாய் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். செல்லப் பிராணியை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று விலங்கு நல வாரியம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பின்னாலேயே போய் அள்ளுவது உங்கள் பொறுப்பு.

கார் நிறுத்த இடத்தைத் தனி விலைக்கு விற்கிறார்களே?

தூண்களுக்கு நடுவே உள்ள திறந்த தரைத்தள இடமும் வெளிமுற்றமும் பொதுச் சொத்து. தனி வீடு போல விற்க முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நடைமுறையில் ஒதுக்கீடு என்று பேர் மாற்றிப் பணம் வாங்குகிறார்கள். எந்த எண் இடம் என்று ஒப்பந்தத்தில் படத்தோடு இருக்கட்டும். உங்கள் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, கதவு திறக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் பக்கத்து மனையில் அடுக்குமாடி வருகிறது. நாங்கள் தனி வீட்டுக்காரர்கள். என்ன செய்யலாம்?

ஃபிளாட்காரனிடம் இதைக் கேட்கும் தைரியம் பிடித்திருக்கிறது. உங்கள் பயம் நியாயமானது. அங்கே ஆழமாகப் போர்வெல் போட்டால் உங்கள் கிணறு இறங்கலாம். அஸ்திவாரம் தோண்டும்போது பழைய ஓட்டு வீட்டுச் சுவர் விரியலாம். கழிவுநீர் தெரு ஓடைக்குத் திருப்பிவிடப்படலாம். சின்னத் தெருவில் நாற்பது கார்கள் திரும்பும்.

வேலை தொடங்கும் முன் உங்கள் சுவர்களையும் தரையையும் தேதி தெரிய படம் எடுத்து வையுங்கள். கிணற்றின் நீர்மட்டத்தை மாதா மாதம் குறித்து வாருங்கள். அனுமதி பெற்ற வரைபட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விட்டிருக்கிறார்களா, மாடி கூடியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயர்மாடிக் கட்டட விதிக்குள் வந்துவிடும். மீறல் இருந்தால் கான்கிரீட் போடும் முன்பே மாநகராட்சியில் மனு கொடுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம்; அதைச் சரியாகச் செய்யச் சொல்லி நெருக்கினால் உங்கள் கிணற்றுக்கும் லாபம்.

கட்டி முடித்துக் குடிவந்த பிறகு அவர்கள் சங்கத்தோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு, ஓடை தூர்வாருதல், நாய்த் தொல்லை என்று கவுன்சிலரிடம் போகும்போது நாற்பது வீட்டுக் கையெழுத்து கூட இருந்தால் காரியம் நடக்கும்.

பிற்காலத்தில் விற்றால் விலை போகுமா?

மனை அளவுக்கு ஏறாது. நம் மாவட்டத்தில் இன்றும் பத்துப் பேரில் எட்டுப் பேர் கையில் பணம் வந்தால் செண்டுதான் கேட்பார்கள் என்பது என் அனுமானம். லாபத்துக்காக மட்டும் ஃபிளாட் வாங்குவதானால் வேண்டாம். குடியிருக்கவோ பெற்றோருக்காகவோ வாங்கினால் அந்தக் கணக்கே வேறு.

பழைய கட்டடத்துக்கு விலை வைப்பது மூன்றைப் பார்த்து: யூ.டி.எஸ்., கசிவு, சங்கத்தின் கையிருப்பு. முழுதாக இடித்துக் கட்டும் கட்டம் வந்தால் 2022 சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எல்லாரும் கையெழுத்திட வேண்டியதில்லை. அதற்கும் வெளிநாட்டில் இருப்பவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் சங்கப் பதிவேட்டில் சரியாக இருக்க வேண்டும். உங்களுடையதை இன்றே கொடுத்து வையுங்கள்.